கிரீம் சீஸ் பிரவுனி: முதல் தடவை செய்பவர்களுக்கு

கிரீம் சீஸ் பிரவுனி என்பது, அடர்த்தியான சாக்லேட் மாவின் மேல் கிரீம் சீஸ் கலவையைப் பரப்பி, கத்தியால் இழுத்துக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழல் கோடுகள் போட்டு ஓவனில் வேகவைப்பது. இந்தப் பிரவுனி கெட்டுப்போனால், அநேகமாக ஏதோ ஒரு வேலையைத் தேவைக்கு மேல் செய்திருப்பார்கள். சீஸை விடாமல் அடித்திருப்பார்கள், மைதா போட்ட பிறகும் கலக்கிக்கொண்டே இருந்திருப்பார்கள், கோடு அழகாக வரட்டும் என்று கத்தியை இன்னும் நான்கு இழுப்பு இழுத்திருப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஓவனில் பத்து நிமிடம் கூட விட்டிருப்பார்கள். மற்றபடி கஷ்டமான செய்முறை இல்லை. கேக் மாதிரி உப்பி வருமா என்ற கவலை கிடையாது, கிரீம் பூசி அலங்கரிக்கும் வேலையும் கிடையாது. கையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும். அளவுகளையும் தருகிறேன், ஆனால் அந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பிரவுனி அமெரிக்கப் பண்டம். 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பெண்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் எடுத்துப்போக வசதியாகக் கேக்கைவிடச் சின்னதாய் ஓர் இனிப்பு வேண்டும் என்று ஹோட்டல் முதலாளியின் மனைவி பெர்த்தா பாமர் கேட்டதால் பிறந்தது என்று அந்த ஊர் பாமர் ஹவுஸ் ஹோட்டல் சொல்லிக்கொள்கிறது. அந்தக் கதை எப்படி இருந்தாலும், கையில் எடுத்துக் கடிக்கிற அடர்த்தியான துண்டு என்பதுதான் இன்றுவரை பிரவுனிக்கு இலக்கணம். கிரீம் சீஸும் அதே நாட்டுச் சரக்குதான். 1870-களில் நியூயார்க் மாநிலத்தில் செய்யத் தொடங்கி, 1880-ல் ஃபிலடெல்ஃபியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரில்தான் ஃபிலடெல்ஃபியா, செய்ததெல்லாம் நியூயார்க்கில். கசப்பும் இனிப்புமான சாக்லேட்டின் மேல் லேசாகப் புளிக்கும் இந்த வெள்ளை சீஸ் படிந்தால், வெறும் பிரவுனி ஒரு துண்டிலேயே திகட்டிவிடுகிறவர்கள்கூட இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

என்னென்ன வேண்டும்

கீழே உள்ளது 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலச் சதுர டின்னுக்கான அளவு. 16 துண்டுகள் வரும்.

பிரவுனிக்கு:
டார்க் சாக்லேட் – 150 கிராம்
வெண்ணெய் – 115 கிராம்
சர்க்கரை – 180 கிராம்
முட்டை – 3
மைதா – 75 கிராம்
கோகோ பவுடர் – 20 கிராம்
வெனிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்

சீஸ் கலவைக்கு:
கிரீம் சீஸ் – 200 கிராம்
பொடித்த சர்க்கரை – 50 கிராம்
முட்டை மஞ்சள் கரு – 1
வெனிலா எசன்ஸ் – அரை டீஸ்பூன்
மைதா – 1 டீஸ்பூன்

ஆக மொத்தம் நான்கு முட்டை. மிஞ்சும் வெள்ளைக் கரு மறுநாள் ஆம்லெட்டில் போய்விடும். பேக்கிங் பவுடர், சோடா எதுவும் இல்லையே என்று கேட்காதீர்கள், வேண்டாம். அவை போட்டால் உப்பிக் கேக் ஆகிவிடும், மேலே இருக்கும் சீஸும் தூக்கிக்கொண்டு வெடிக்கும்.

எல்லாவற்றையும் கிராமில் தந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கப் மைதா, அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். குழம்பில் அந்த வித்தியாசம் தெரியாது, பிரவுனியில் தெரியும். மைதா 30 கிராம் கூடினாலே பிசுபிசுப்பு போய் ரொட்டிபோல் ஆகிவிடும். பேக்கிங்கில் ஆர்வம் இருந்தால் பீட்டர் (அடிக்கும் மின்கருவி), அச்சு, நாசில் (கிரீம் பிழியும் முனை) எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

கடையில் பார்த்து வாங்க வேண்டியவை

முதலில் கிரீம் சீஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சீஸ் ஸ்ப்ரெட்’ என்று டப்பாவில் வருவது வேறு. அது பதப்படுத்திய சீஸைக் குழைத்து உப்புப் போட்டது, ரொட்டியில் தடவ நன்றாக இருக்கும், இதில் போட்டால் பிரவுனியில் உப்புக் கரிக்கும். மிளகு, பூண்டு போட்டதையும் அவசரத்தில் எடுத்து வந்துவிடாதீர்கள். டப்பாவில் ‘கிரீம் சீஸ்’ என்றே போட்டிருக்க வேண்டும், ‘பிளெய்ன்’ என்றும் இருக்க வேண்டும். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் பிரிட்டானியா, டிலெக்டா போன்றவை கிடைக்கின்றன. வாங்கும்போது ஃபிரிட்ஜ் ஷெல்ஃபில் இருந்து எடுங்கள், தேதியும் பாருங்கள். திறந்த டப்பா அதிக நாள் தாங்காது.

கிரீம் சீஸுக்குப் பதில் பனீரை அரைத்துப் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பனீரில் கொழுப்பு அதைவிடக் குறைவு, புளிப்பும் இல்லை. வெறும் பனீரை அரைத்தால் ஓவனில் மணல் மணலாகிவிடும். கட்டித் தயிர்தான் கொஞ்சம் கிட்டத்தில் வரும்: முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு தொங்கவிட்டு, வடிந்த தயிர் 150 கிராமோடு 50 கிராம் கெட்டி கிரீமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டீஸ்பூன் மைதாவை இரண்டு டீஸ்பூன் ஆக்கிவிடுங்கள். சுவை நன்றாகவே இருக்கும், கோடுகள் மட்டும் அவ்வளவு கூர்மையாக விழாது.

அடுத்து சாக்லேட். ‘டார்க் காம்பவுண்ட்’ என்று கட்டியாக விற்பதில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, நம் வெயிலில் உருகாமலும் நிற்கும். பிரவுனிக்கு அது உதவாது என்று சொல்ல மாட்டேன், பாதி வீட்டு பேக்கர்கள் அதில்தான் செய்கிறார்கள். ஆனால் இனிப்பு அதிகம், நாக்கில் மெழுகுபோல ஒரு பூச்சு நிற்கும். அதைப் போடுவதானால் சர்க்கரையை 150 கிராமாகக் குறையுங்கள். முடிந்தால் உள்ளடக்கப் பட்டியலில் கோகோ பட்டர் என்று இருக்கிற, 55 முதல் 60 சதவீதம் வரையான டார்க் சாக்லேட் வாங்குங்கள். குழந்தைகள் சாப்பிடும் மில்க் சாக்லேட்டை உடைத்துப் போட்டால் சாக்லேட் சுவை பின்னால் போய்ச் சர்க்கரை மட்டும் முன்னால் நிற்கும். வீட்டில் கிடந்த சாக்லேட்டின் மேல் வெள்ளையாய்ப் பூத்திருந்தால் பூஞ்சை என்று தூக்கி எறிய வேண்டாம். சூட்டில் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிவதுதான் அது. உருக்கினால் சரியாகிவிடும்.

உப்புப் போட்ட வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், கால் டீஸ்பூன் உப்பை மட்டும் விட்டுவிடுங்கள். தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் நீரும் மோர் வாசனையும் இருக்கும். அதை நெய்யாகக் காய்ச்சுவதே அதற்கு மரியாதை.

கோகோ பவுடர் இனிப்பில்லாததாக இருக்க வேண்டும். பாலில் கலக்கிக் குடிக்கும் பவுடர் ஆகாது. நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பெரிய பரலாக இருப்பதால், எடை போட்ட பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். முட்டையில் சட்டென்று கரையும்.

ஓவனும் டின்னும்

நம் வீடுகளில் பெரும்பாலும் ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன்தான். முதல் தடவை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: திருகில் 165 என்று வைத்தால் உள்ளே 165 இருக்கும் என்று நிச்சயமில்லை. சில ஓவன்கள் இருபது டிகிரி கூடவே ஓடும். உள்ளே தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. அது இல்லாவிட்டால், நேரத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும், டின் நடுத் தட்டில் இருக்க வேண்டும். அடி சீக்கிரம் கருகும் ஓவனாக இருந்தால் கீழ்த் தட்டில் ஒரு வெறும் ட்ரே வைத்துவிடுங்கள், கீழ்ச் சூட்டை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

கன்வெக்ஷன் உள்ள மைக்ரோவேவில் செய்வதானால் விசிறி ஓடுவதால் சூடு வேகமாகப் பிடிக்கும், 150 டிகிரி போதும். ஓவன் இல்லாமல் கனமான பாத்திரத்துக்குள் ஸ்டாண்ட் வைத்து அடுப்பில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். பத்து நிமிடம் மூடிச் சூடாக்கிவிட்டு டின்னை இறக்கி, தீயைச் சிறிதாக்கி, முக்கால் மணி நேரம் போலப் பொறுக்க வேண்டும். மூடியிலிருந்து வேர்க்கும் தண்ணீர் சீஸ் மேல் சொட்டாமல் இருக்க, டின்னின் மேல் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். சீஸ் பொன்னிறம் ஆகாது, வெள்ளையாகவே இருக்கும். சுவைக்குக் குறையில்லை.

டின் அலுமினியமாக இருந்தால் நல்லது. கண்ணாடி டின் மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் சூட்டைப் பிடித்துவைத்து வேகவைத்துக்கொண்டே இருக்கும். பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போடுங்கள், பிறகு மொத்தத்தையும் தூக்க அதுதான் கைப்பிடி. பேப்பர் மடங்காமல் ஒட்டி நிற்க, டின்னில் முதலில் கொஞ்சம் வெண்ணெய் தடவினால் போதும். மெழுகு பூசின தாளை ஓவனில் வைக்கக் கூடாது.

ஓவனை 165 டிகிரி செல்சியஸில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கலக்கி முடிக்கும்போது அது தயாராக இருக்கும்.

சீஸ் கலவை முதலில்

சாக்லேட் மாவு ஆற ஆறக் கெட்டிப்படும், காத்திருக்காது. சீஸ் கலவை காத்திருக்கும். அதனால் எப்போதும் சீஸை முதலில் முடித்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

கிரீம் சீஸும் முட்டைகளும் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்து அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாதச் சென்னையில் இருபது நிமிடமே அதிகம். சில்லென்று இருக்கும் சீஸை அடித்தால் குட்டிக் குட்டிக் கட்டிகள் நிற்கும், முட்டை போட்ட பிறகு என்ன செய்தாலும் அவை கரையாது. அதனால் சீஸையும் பொடித்த சர்க்கரையையும் மட்டும் முதலில் ஒரு கரண்டியாலோ ஸ்பாட்டுலாவாலோ கிண்ணத்தின் பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். சர்க்கரை பட்டதும் சீஸ் தானாக இளகும். கட்டி இல்லை என்று உறுதியானதும் மஞ்சள் கரு, எசன்ஸ், மைதா போட்டு, கலந்தது என்று தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரிக் பீட்டர் இதற்குத் தேவையே இல்லை. பீட்டரில் அடித்தால் காற்று ஏறும், அந்தக் காற்று ஓவனில் உப்பும், வெளியே எடுத்ததும் அமுங்கி வெடிப்பு விடும்.

பிரவுனி மாவு

சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீரைச் சூடாக்கி, அதன் மேல் இந்தக் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, தண்ணீரும் தளதளவென்று கொதிக்க வேண்டாம். முக்கால்வாசி உருகியதும் கீழே இறக்கிவிட்டுக் கிளறினால் மிச்சம் அந்தச் சூட்டிலேயே உருகும். மைக்ரோவேவிலும் செய்யலாம், முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துக் கிளற வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. ஈரக் கரண்டி, கிண்ணத்தில் ஒட்டிய நீர்த்துளி, இவ்வளவு போதும், உருகிய சாக்லேட் சட்டென்று திப்பி திப்பியாகக் கட்டிவிடும். வெண்ணெய் கூட இருப்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

உருகிய கலவையை ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள். விரலை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. சுடச்சுட முட்டையில் ஊற்றினால் முட்டை வெந்துவிடும்.

இன்னொரு பெரிய கிண்ணத்தில் மூன்று முட்டையையும் சர்க்கரையையும் போட்டுக் கை விஸ்கால், அதாவது கம்பி மத்தால், இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடியுங்கள். இந்த முழுச் செய்முறையிலும் தாராளமாக அடிக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது. நிறம் வெளுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நெறநெறவென்று சர்க்கரை அகப்படாமல் இருக்க வேண்டும். பிரவுனியின் மேல் பளபளவென்று, தொட்டால் நொறுங்கும் ஒரு மெல்லிய ஏடு வருமே, அது இந்தக் கரைந்த சர்க்கரையால் வருவதுதான். நம் பிரவுனியில் பாதி இடத்தைச் சீஸ் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் இடையிடையே பழுப்புப் பக்கங்களில் அந்த ஏடு தெரிந்தால் பார்க்கவே அழகு. பிடித்தவர்கள் இந்த நேரத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டி டிகாக்ஷனை இதில் ஊற்றலாம். காபி வாசனை தனியாகத் தெரியாது, சாக்லேட் சுவை ஒரு படி தூக்கலாக இருக்கும். உருகும் சாக்லேட்டில் ஊற்ற வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

இப்போது ஆறிய சாக்லேட்டை முட்டையில் ஊற்றி எசன்ஸும் சேர்த்துக் கலக்குங்கள். மைதா, கோகோ, உப்பு மூன்றையும் சேர்த்துச் சல்லடையில் நேராக இதன் மேல் சலித்துப் போடுங்கள். கோகோ பவுடர் கட்டி கட்டியாக இருக்கும், சலிக்காமல் போட்டால் சாப்பிடும்போது கசப்பாக வாயில் அகப்படும். விஸ்கை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பாட்டுலா எடுங்கள். அடியிலிருந்து மேலே வாரிப் போட்டு மடித்துக் கலக்க வேண்டும். வெள்ளைப் பொடி கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதாவில் பசைத்தன்மை கூடி, துண்டு ரப்பர்போல இழுக்கும்.

சுழல் போடும் இடம்

சுழல் சரியாக வராததற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை, பதம்தான் காரணம். சீஸ் கலவையும் சாக்லேட் மாவும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று கோடாக ஓடும். சாக்லேட் மாவு கெட்டியாகவும் சீஸ் இளகலாகவும் இருந்தால், கத்தி இழுக்கும் இடமெல்லாம் மாவு கட்டியாகப் பெயர்ந்து வரும். இந்த அளவில் சாக்லேட் மாவு கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், அதனால் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும்.

மாவில் நான்கைந்து டேபிள்ஸ்பூன் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை டின்னில் ஊற்றி, மூலைகள் வரை தள்ளிச் சமமாகப் பரப்புங்கள். அதன் மேல் சீஸ் கலவையைக் கரண்டி கரண்டியாக அங்கங்கே போட்டு, மெதுவாக விரித்துவிடுங்கள். முழுவதும் மூட வேண்டியதில்லை, நடுநடுவே சாக்லேட் தெரியலாம். தனியாக வைத்த மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்குங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவுபோலத் தயங்கித் தயங்கி விழ வேண்டும். தொப்பென்று விழுந்தால் இன்னும் ஒரு டீஸ்பூன் பால். இந்த இளகிய மாவைச் சீஸின் மேல் புள்ளி புள்ளியாக, ஒரு டீஸ்பூன் அளவில் விடுங்கள்.

சாப்பாட்டு மேசைக் கத்தி ஒன்றை எடுத்து, முனை மேல் அடுக்கில் மட்டும் முங்கும்படி பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஐந்தாறு கோடு இழுங்கள். டின்னைத் திருப்பி, குறுக்காக ஐந்தாறு கோடு. ஒரு கோட்டை முன்னாலும் அடுத்ததைப் பின்னாலும் இழுத்தால் வளைவு இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். கத்தி டின்னின் அடியைத் தொட்டால் கீழே இருக்கும் மாவு மேலே வந்து எல்லாம் குழம்பும்.

இங்கே நிறுத்துங்கள். சரியாகக் கலக்கவில்லையோ, அந்த மூலையில் வெள்ளை அதிகமோ என்று தோன்றும். தோன்றட்டும். இன்னும் நான்கு இழுப்பு இழுத்தால் கறுப்பும் வெள்ளையும் போய், பால் குறைந்த காபி நிறத்தில் ஒரே கலவையாகிவிடும். அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. வெள்ளை அதிகமாக இருக்கும் மூலையைச் சாப்பிட வீட்டில் யாராவது ஒருவர் சண்டை போடுவார், அதனால் அது வீணாகாது.

டின்னை மேசை மேல் ஒரு தட்டு மெதுவாகத் தட்டினால் பெரிய காற்றுக் குமிழிகள் போய்விடும்.

ஓவனில்

165 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே இருங்கள். இருபது நிமிடத்திலேயே சீஸ் பழுப்பேறத் தொடங்கினால் மேலே ஃபாயிலை முட்டாமல் மூடிவிடுங்கள். இடையில் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று இடத்தைப் பாருங்கள். ஓரங்கள் லேசாக உப்பி, டின்னை விட்டு விலகப் பார்க்கும். சீஸ் ஈரப் பளபளப்பு போய் மங்கலாக, தொட்டால் ஒட்டாமல் இருக்கும். கையுறை போட்டு டின்னை லேசாக ஆட்டினால் ஓரம் அசையாது, நடுவில் மட்டும் ஒரு சின்ன ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் அலை மாதிரி ஓடினால் இன்னும் வேக வேண்டும், ஆட்டமே இல்லை என்றால் தாண்டிவிட்டது.

பல் குத்தும் குச்சியை நடுவில் குத்திப் பார்ப்பதானால் சாக்லேட் பக்கத்தில் குத்துங்கள். சீஸில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும், அதை நம்பி இன்னும் பத்து நிமிடம் வைத்துவிடுவீர்கள். குச்சியில் ஈரமான துகள்கள் ஒட்டியிருந்தால் சரி. பச்சை மாவாக வழிந்தால் மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கேக்குக்குச் சொல்வதுபோலக் குச்சி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருந்தால் பிரவுனி காய்ந்துவிடும். வெளியே எடுத்த பிறகும் டின்னின் சூட்டில் அது வெந்துகொண்டேதான் இருக்கும்.

ஆறவிடுவதும் வெட்டுவதும்

சூடாக இருக்கும்போது இதை வெட்டக் கூடாது. வாசனை வீடு முழுக்க இருக்கும், குழந்தைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள், இருந்தாலும் வெட்டக் கூடாது. சூட்டில் உருகி நிற்கும் வெண்ணெயும் கோகோ கொழுப்பும் இறுகினால்தான் துண்டு நிற்கும். சீஸ் அடுக்கும் குளிர்ந்த பிறகுதான் முழுதாக இறுகும். டின்னோடு கம்பித் தட்டின் மேல் வைத்து ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். மாலையில் செய்து இரவு முழுக்க வைத்தால் மறுநாள் சுவை இன்னும் கூடியிருக்கும். எறும்புக்குப் பயந்து ஆறுவதற்கு முன்பே மூடிவிட்டால் ஆவி வேர்த்து மேலே சொட்டும். டின்னைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தால் எறும்புத் தொல்லை இல்லை.

வெட்டும்போது பேப்பரைப் பிடித்து மொத்தமாகத் தூக்கிப் பலகையில் வையுங்கள். நீளமான கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள், ரம்பம்போல அறுக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியைத் துடைத்தே ஆக வேண்டும். துடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளையில் இழுவிவிடும், அவ்வளவு நேரம் போட்ட சுழல் கண்ணுக்குத் தெரியாது. நான்குக்கு நான்காக வெட்டினால் 16 துண்டு.

சில்லறைச் சந்தேகங்கள்

சாக்லேட் மாவின் மேல் எண்ணெய் பிரிந்து மிதக்கிறதா? சாக்லேட் அதிகம் சூடாகியிருக்கும். மைதா போடுவதற்கு முன் என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் சூடான பால் விட்டு வேகமாகக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சீஸில் வெடிப்பு விழுந்தால் சுவைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த தடவை ஐந்து நிமிடம் முன்னாலேயே எடுங்கள்.

முந்திரி, வால்நட் போடலாம். கீழ் மாவில் மட்டும் போடுங்கள், மேலே தூவினால் கத்தி இழுக்கும் வழியில் நிற்கும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு: சீஸ் கலவையில் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோரும் ஒரு டேபிள்ஸ்பூன் கிரீமும் போட்டால் நன்றாகவே இறுகும். ஆனால் கீழே இருக்கும் பிரவுனியில் முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மற்ற அளவை அப்படியே வைத்துக்கொண்டால் நிற்காது. அதற்கு மைதாவைக் கூட்டி, கண்டென்ஸ்டு மில்க் அல்லது தயிர் சேர்த்துச் செய்யும் முட்டையில்லாப் பிரவுனியைத் தனியாகப் பழகிக்கொண்டு, அதன் மேல் இந்தச் சீஸைப் போடுவதுதான் நல்லது.

எத்தனை நாள் வைக்கலாம்

சாதாரணப் பிரவுனி டப்பாவில் வெளியே இரண்டு மூன்று நாள் கிடக்கும். இது கிடக்காது. மேலே இருப்பது பால் பொருள், அதுவும் முட்டை சேர்ந்தது. பொதுவாக இப்படிப்பட்ட பண்டங்கள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்தக் கணக்குதான். குழந்தையின் பள்ளி டப்பாவில் காலையில் வைத்து மதியம் சாப்பிடக் கொடுக்க ஏற்ற பிரவுனி இல்லை இது, அதற்குச் சீஸ் இல்லாமல் செய்துகொள்ளுங்கள். விருந்துக்கு எடுத்துப்போவதானால் ஐஸ் பேக் போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள்.

ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள் நன்றாக இருக்கும். மீன் குழம்பும் நறுக்கிய வெங்காயமும் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், சீஸ் பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். சாப்பிடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சாக்லேட் இளகிச் சுவை திறக்கும். அதிகமாக மிஞ்சினால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். வேண்டும்போது முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவசரம் என்று மைக்ரோவேவில் வைத்தால் சீஸ் உருகி ஓடிவிடும்.